அரைக் கட்டை

செய்தி வந்தபோது
பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில்
உறைபனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
வானொலிக்காரன் பெயரைத் தப்பாகச் சொன்னான்.
ஹார்ஜூ இல்லை, மடையா, ஹார்யூ.
ரோலி ஹார்யூ.
கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது
பெயருக்கு அடுத்து அவன் சொன்ன சொல்.

பதினேழு பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன்.
ஒருவருக்கும் அவரைத் தெரியாது.
மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி மட்டும்
"மிஸ் மார்லிஸ், உங்களுக்குச் சளியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

இருட்டும் நேரத்தில்
துலூத்தின் ஏரிக்கரை வாகன நிறுத்தத்தில் கூடினோம்.
அரங்கம் இருந்த இடம்.
இடித்துவிட்டு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள்.
மேடை ஏறக்குறைய நாற்பத்தியோராம் கட்டத்தில் என்று
டாரல் பொலியூ காலடியால் அளந்து சொன்னான்.
அங்கே யாரோ ஒரு வேனை நிறுத்தியிருந்தார்கள்.
வேனைச் சுற்றி நின்றோம்.

ஒப்பாரி தெரியாத ஊர் இது.
துக்கம் என்றால்
உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்து
அலுமினியத் தாள் மூடிக் கொண்டுவருவோம்.
"இன்றைக்குக் குளிர் பரவாயில்லை" என்போம்.
அதைச் சொன்ன ஆர்வோவின் மீசையில்
மூக்குநீர் உறைந்திருந்தது.
எழுபத்தெட்டாம் வருடத்து டிக்கெட் ஒன்றை
பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்.
இரண்டு வாங்கினாராம்.
மற்றது விவாகரத்தில் போய்விட்டது.
லூஆன் பழைய தோல் ஜாக்கெட்டில் வந்திருந்தாள்,
பொத்தானும் துளையும் ஒரு சாண் தள்ளி.

எங்களுக்குள் ஒரு ரகசியம் உண்டு.
இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.
அந்தப் பாட்டு
(எந்தப் பாட்டு என்று கேட்பவர்கள் இங்கே வரவில்லை)
அதில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஓர் உச்சி.
அடிவயிற்றில் பிடித்து
தொண்டையைக் கிழித்துக்கொண்டு
கூரைத் தகரத்தில் போய் முட்டும்.
ஐம்பது வயதில் அரைக் கட்டை இறக்கினார்கள்.
அறுபதில் இன்னோர் அரை.
கிடார்க்காரர் தந்திகளைத் தளர்த்திக்கொண்டே வந்தார்,
தொப்பை போட்டவன் பெல்ட்டைத் தளர்த்துவதுபோல.
எங்கள் காதுக்குத் தெரியும்.
தெரியாத முகத்தோடு கைதட்டினோம்.

போன கோடையில், சூதாட்ட விடுதியின் மண்டபத்தில்,
நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார்.
உச்சி வந்தது.
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்.
முன்வரிசை இளசுகள் அதை உற்சாகம் என்று நினைத்தன.
நான் அவர் கண்ணைப் பார்த்தேன்:
படியிறங்கும்போது பிடிமானம் தேடுகிற கண்.
பிடித்தோம்.
எண்ணூறு பேர், எண்ணூறு சுருதியில்.

இன்றைக்கு டாரல் கிடார் கொண்டுவந்திருந்தான்.
விரல் நுனி வெட்டிய கையுறை.
முழுக் கட்டை இறக்கியே சுருதி சேர்த்தான்.
இந்த இரவிலும் காட்டிக்கொடுக்கவில்லை.
பாடினோம்.
உச்சி வந்தது.
யாரும் திட்டமிடவில்லை,
யாரும் வாய் திறக்கவில்லை.
நாலு தாளத்துக்கு
கரையில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசுவது கேட்டது.
அப்புறம் கடைசிச் சரணம்.

அதில் பாதி போயிருப்போம்,
கால்வாய்ப் பக்கமிருந்து கப்பல் ஊதியது.
இந்தப் பருவத்தின் முதல் கப்பல், இரும்புத்தாது ஏற்ற வந்தது.
ஒரு நெடில், இரண்டு குறில்.
தூக்குப் பாலம் பதில் ஊதியது.
இரண்டும் எங்கள் சுருதியில் சேரவில்லை.
"வழக்கம்போல லேட்" என்றார் ஆர்வோ.
ரோலி ஒரு கச்சேரிக்கும் நேரத்துக்கு வந்ததில்லை.
சிரித்தோம்.
லூஆனால் மட்டும் நிறுத்த முடியவில்லை.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை.
ஜாக்கெட்டின் இரண்டு விளிம்புகளையும்
நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேன்காரன் வந்து சாவியைக் கையில் வைத்தபடி
ஓரமாகக் காத்திருந்தான்.
அவனுக்கும் ஒரு தட்டு கொடுத்தோம்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு
அந்தச் சின்னவள் பேருந்தில் ஏறி
கையுறைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சை மிட்டாய் எடுத்தாள்.
கம்பளி நூல் ஒட்டியிருந்தது.
"தொண்டைக்கு" என்றாள்.
வாயில் போட்டுக்கொண்டு
கதவை மூடினேன்.